கிணற்றுப் பம்பிக்கு ஒரு நுண்கட்டுப்படுத்தி: நிலையையும் மாற்றத்தையும் அறியும் முறை

கிணற்று நீரைக்கொண்டு வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கைபண்ணுங் கமக்காரர், மின்பம்பியை இயக்கிவிட்டுத் தறையின் மறுபுறத்துக்கு நீர் மாறச் செல்வது வழக்கம். அவ்வேளையில் கிணற்று மட்டம் அடிவால்வுக்குக் கீழே இறங்கிவிடின், பம்பி நீரை விட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்கும். ஓடும் நீரினாற் குளிர்ச்சி பெறவேண்டிய உள்ளடைப்பு வெப்பமேறிக் கெடும். வரண்ட ஓட்டம் நீடிப்பின் பம்பியே பழுதாகும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கற் பகுதிகளில் இதனினும் பெரியதொரு கேடு உண்டு. அங்கே நிலத்தடி நன்னீரானது கனங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்பின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கொள்ளுங் கணக்காகும். ஆகவே, மேல் மட்டத்தை அளவுக்கு மிஞ்சி இறைத்துத் தாழ்த்துமிடத்து உவர்நீர் கீழிருந்து மேலெழும். உவர்ப்பேறிய கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்கு நெடுங்காலஞ் செல்லும். பம்பியை மாற்றலாம், கிணற்றை மாற்றல் எளிதன்று.

இக்கேட்டினைத் தடுக்கவல்ல சிறு காவற் கருவியொன்றைக் கமக்காரர் தாமே அமைத்துக்கொள்ளும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. வீட்டில் உயர்வகுப்பு மாணவர் எவரேனும் இருப்பின் அவருடைய துணையையும் பெறுக.

கருவி

இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஆர்டுயினோ யூனோ என்னும் பலகையாகும். ஆர்டுயினோ, 2005 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், இலத்திரனியலிற் பயிற்சியில்லாத மாணவரும் கையாளத்தக்கதாக உருவாக்கப்பட்டது. யூனோ என்னும் வடிவம் 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நடுவேயுள்ள அற்மெகா 328பி என்னுஞ் சில்லே நுண்கட்டுப்படுத்தி. பலகையின் ஓரங்களில் எண்ணிடப்பட்ட துளைகள் உள. இவற்றைப் பின் என்பர். பூச்சியம் முதல் பதின்மூன்று வரையுள்ள பதினான்கு பின்களும் ஆம், இல்லை என்னும் இரண்டு நிலைகளை மட்டும் அறியவும் அறிவிக்கவும் வல்லவை. நமக்கு அவற்றுள் மூன்று போதும்.

ஒரு பின்னில் மின்னழுத்தம் மூன்று உவோற்றும் அதற்கு மேலும் இருப்பின் நுண்கட்டுப்படுத்தி அதனை ஹை என வாசிக்கும். ஒன்றரை உவோற்றும் அதற்குக் கீழும் இருப்பின் லோ என வாசிக்கும். எதனோடும் இணைக்கப்படாத பின் ஹை என்றும் லோ என்றும் ஒழுங்கின்றி வாசிக்கப்படும். கையை அருகே கொண்டுசென்றாலே அது மாறிவிடும். கருவி தானாகவே இயங்குகின்றது என முறையிடுவோரிற் பலர் இப்பின்னை அந்தரத்தில் விட்டவராகவே இருப்பர். இதனைத் தவிர்க்க, சில்லினுள்ளேயே ஒரு தடையி வைக்கப்பட்டுள்ளது. பின்மோட் என்னுங் கட்டளையில் இன்புட் புல்லப் எனக் குறிப்பிடின் அத்தடையி பின்னை ஐந்து உவோற்றை நோக்கி இழுத்து வைக்கும். அதன்பின், பின்னுக்கும் தரைக்கம்பிக்கும் இடையே ஓர் ஆளியை இணைத்தாற் போதும். ஆளி மூடியிருக்கையில் லோ, திறந்திருக்கையில் ஹை. இது முதலிற் றலைகீழாகத் தோன்றுமாயினும் விரைவிற் பழகிவிடும்.

மிதப்பு ஆளி

கிணற்றினுள் தொங்கவிடப்படுவது மிதப்பு ஆளியாகும். நீர் உள்ளபோது மூடியிருப்பதும், நீர் இறங்கியபோது திறப்பதுமான வகையையே தெரிக. பலவகை மிதப்புகளில் மிதவையைத் தலைகீழாக மாற்றிப் பூட்டுவதால் இதனைப் பெறலாம். இவ்வாறு தெரிதற்குக் காரணம் யாதெனில், கம்பியை எலி கடித்தாலும் மண்வெட்டி வெட்டினாலும் ஆளி திறந்ததாகவே வாசிக்கப்படும். கருவி அதனை நீர் இல்லை எனக் கொண்டு பம்பியை நிறுத்திவிடும். மாறான வகையைத் தெரிந்தால், அறுந்த கம்பி நீர் உண்டு எனப் பொய் கூறும்.

மிதப்பை அடிவால்வுக்கு ஓரடியேனும் மேலே அமைத்தல் வேண்டும். உவர் ஏறும் அச்சமுள்ள கிணறுகளில், கோடையில் வழக்கமாக உவர்ப்புத் தோன்றும் மட்டத்தை அறிந்து, அதற்கும் மேலே அமைக்க.

கிணற்றிலிருந்து பம்பி அறைக்குச் செல்லுங் கம்பி நீளமானதாயின் சில்லின் உட்டடையி மட்டும் போதாது. அது இருபதினாயிரம் முதல் ஐம்பதினாயிரம் ஓம் வரையிலான மெலிந்த இழுப்பாகும். மோட்டார் தொடங்குங் கணத்திற் பக்கத்துக் கம்பிகளில் எழும் மின்னதிர்ச்சி அதனை வென்றுவிடும். பலகையின் அருகே, பின்னுக்கும் ஐந்து உவோற்றுக்கும் இடையில் ஆயிரம் ஓம் தடையி ஒன்றை மேலதிகமாக இணைக்க. மிதப்பின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, மோட்டாரின் கம்பியிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்க.

நிலை வேறு, மாற்றம் வேறு

செய்நிரல் இரண்டு பகுதிகளையுடையது. செற்றப் என்னும் பகுதி மின் கிடைத்தவுடன் ஒருமுறை மட்டும் நிகழும். லூப் என்னும் பகுதி மின் உள்ளவரை மீண்டும் மீண்டும் சுழன்றுகொண்டிருக்கும். இச்சுழற்சி செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை நிகழ்வதாகும். டிஜிற்றல்றீட் என்னுங் கட்டளை, அது நிகழுங் கணத்திற் பின் என்ன நிலையில் இருக்கின்றது என்பதை மாத்திரமே சொல்லும். சற்று முன்னர் எவ்வாறு இருந்தது என்பதை அது அறியாது. வாய்க்காலில் நீர் நிற்பதைக் கண்ட வழிப்போக்கன், அது இப்போதுதான் வந்ததோ விடியற்காலை முதல் நிற்கின்றதோ என அறியாதவாறு போலவே இதுவும்.

ஆகவே மாற்றத்தை அறிய வேண்டுமாயின் முந்திய நிலையை நாமே நினைவில் வைத்தல் வேண்டும். முந்தியநிலை எனப் பெயரிட்ட மாறி ஒன்றை அமைத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் இப்போதைய வாசிப்பை அதனோடு ஒப்பிடுக. இரண்டும் வேறுபடின் மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஹையிலிருந்து லோவுக்கு வந்திருப்பின் ஆளி இப்போது மூடியது; லோவிலிருந்து ஹைக்குச் சென்றிருப்பின் இப்போது திறந்தது. ஒப்பிட்டு முடிந்த பின்னர், இப்போதைய வாசிப்பை முந்தியநிலையில் எழுதுக. இவ்வொழுங்கு முக்கியமானது. ஒப்பிடுமுன் எழுதிவிடின் இரண்டும் என்றும் ஒன்றாகவே இருந்து மாற்றம் எதுவும் தோன்றாது. எழுத மறந்துவிடின் ஒரே மாற்றம் ஒவ்வொரு சுழற்சியிலும் புதிதாகத் தோன்றும். ஒப்பிடும்போது சமக்குறியை இரண்டு தடவை இடுதல் வேண்டும் என்பதையும் கவனிக்க. ஒரு சமக்குறி, ஒப்பிடுவதற்குப் பதிலாக மாறியின் மதிப்பையே மாற்றிவிடும். கட்டளைகள் யாவும் ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டச்சிடப்படல் வேண்டுமாதலால், இங்கே அவற்றின் ஒலியையும் பொருளையும் மாத்திரம் தருகின்றோம்.

நீர் வற்றியதும் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்ப விரும்பும் கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீர் இல்லை என்னும் நிலை காணப்பட்டாற் செய்தி அனுப்புக என அவர் எழுதுவாராயின், நீர் மீளும் வரை செய்திகள் ஓயாது செல்லும். சிம் அட்டையிலுள்ள பணம் கரைந்துவிடும். நீர் உண்டு என்பது நீர் இல்லை என மாறியபோது அனுப்புக என எழுதுவாராயின் ஒரே செய்தி செல்லும்.

இதனைக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றத்தினாலேயே செய்தல் நன்று எனக் கருதலாகாது. பம்பியை நிறுத்துவதை நிலையைக்கொண்டும், தொடங்குவதை மாற்றத்தைக்கொண்டும் செய்க. மாற்றத்தை மட்டும் நம்பிப் பம்பியை நிறுத்தும் செய்நிரல், அம்மாற்றம் நிகழ்ந்த கணத்தில் மின் தடைப்பட்டிருந்தால் அதனைக் காணாது; மின் மீண்டபின் வரண்ட கிணற்றிற் பம்பியை ஓட விட்டுவிடும். நீர் இல்லை என்னும் நிலை உள்ளவரை ஒவ்வொரு சுழற்சியிலும் நிறுத்து எனக் கட்டளையிடுவதால் யாதொரு தீங்கும் இல்லை.

தொடங்குவது அவ்வாறன்று. தொடக்கப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது என்னும் நிலையைக்கொண்டு பம்பியை ஓட்டின், பொத்தான் சேற்றினாற் சிக்கிக்கொண்டாலும், பொறுமையற்ற ஒருவர் அதில் ஈர்க்குத் துண்டைச் செருகிவைத்தாலும் பம்பி நின்ற மறுகணமே மீண்டும் ஓடும். பொத்தான் திறந்த நிலையிலிருந்து அழுத்தப்பட்ட நிலைக்கு மாறும்போது மாத்திரம் தொடங்கச் செய்வதே முறை. ஈர்க்குச் செருகிய பொத்தான் மாறுவதில்லை. ஆதலின் பம்பியும் ஓடாது. 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் மணிக்கணக்கான மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். அத்தகைய வேளைகளில், மின் மீண்டதும் பம்பி தானாக ஓடாதிருத்தலே கிணற்றுக்கும் வயரிங்குக்கும் நன்று. இதற்காகச் செற்றப் பகுதியிலேயே இரு பின்களையும் ஒருமுறை வாசித்து, அவ்வாசிப்புக்களை முந்திய நிலைகளாக எழுதிவிடுக. அன்றேல், தொடக்கத்திலேயே பொய்யான மாற்றமொன்று தோன்றக்கூடும்.

அலையும் அதிர்வும்

பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது உள்ளேயுள்ள உலோகத் தகடுகள் ஒரேயடியாகச் சேர்வதில்லை. சில மில்லிசெக்கன் வரை துள்ளித் துள்ளியே சேரும். நம் கண்ணுக்கு ஓர் அழுத்தமாகத் தோன்றுவது நுண்கட்டுப்படுத்திக்குப் பத்துப் பதினைந்து மாற்றங்களாகத் தோன்றும். ஆகையால் வாசிப்பு மாறியவுடன் அதனை நம்பாது, மாறிய நேரத்தைக் குறித்துவைத்து, 50 மில்லிசெக்கன் வரை அது மீண்டும் மாறாதிருப்பின் மட்டுமே உறுதியான நிலையாகக் கொள்க. இடையில் மாறின், நேரத்தைப் புதிதாகக் குறித்துத் தொடங்குக.

ஐம்பது மில்லிசெக்கன் என்பது பொத்தானுக்குரிய அளவு. புத்தகங்களிற் காணப்படும் அவ்வளவையே மிதப்புக்கும் எடுத்துக்கொள்வோர் ஏமாறுவர். கிணற்று நீர் பம்பியின் இழுப்பினாலும் திரும்பி வழியும் நீரினாலும் அலைந்துகொண்டே இருக்கும். மட்டம் மிதப்பை நெருங்கும்போது ஆளி செக்கனுக்கு ஒருமுறையோ இருமுறையோ திறந்து மூடும். இதற்கு 5 செக்கன் உறுதிநேரம் பொருத்தமாகும். மிதப்பு அடிவால்வுக்கு ஓரடி மேலே இருக்குமாயின் ஐந்து செக்கன் தாமதத்தால் நட்டமில்லை. காத்திருக்கும் நேரத்தைப் புத்தகத்திலிருந்தன்றித் தத்தம் கிணற்றிலிருந்தே பெறுக.

உறுதிநேரம் ஒன்றினால் மட்டும் எல்லாந் தீர்ந்துவிடுவதில்லை. பம்பி நின்றதும் ஊற்றுநீர் சற்று ஏறி மிதப்பை உயர்த்தும். அப்போதே மீண்டும் தொடங்கினால் சில நிமிடத்தில் மறுபடியும் நிற்கும். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் அது ஓடும்போது இழுப்பதிலும் பல மடங்கானது. அடிக்கடி தொடங்கும் மோட்டார் வெப்பந் தணிய அவகாசமின்றிச் சுருள் கருகும். எனவே, நீர் இல்லை என்பது நீர் உண்டு என மாறுங் கணத்திற் காத்திரு என்னும் மாறியை ஆம் எனவும், மீண்டநேரம் என்னும் மாறியை அக்கணத்து நேரம் எனவும் எழுதுக. அரைமணி கழிந்தபின் காத்திரு என்பதை இல்லை என மாற்றுக. அது ஆம் என இருக்கும்வரை தொடக்கப் பொத்தானுக்கு இணங்கலாகாது. ஊற்றுக் குறைந்த கிணறுகளுக்கு அரைமணியிலும் கூடிய நேரம் வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கு

காத்திருப்பதற்கு டிலே என்னுங் கட்டளை ஒன்று உண்டு. அதனை இங்கே பயன்படுத்தலாகாது. அது முடியும்வரை நுண்கட்டுப்படுத்தி வேறெந்தப் பின்னையும் வாசிக்காது. இதற்குப் பதிலாக மில்லிஸ் என்பதைக் கையாளுக. அது பலகை மின் பெற்ற நேரத்திலிருந்து சென்ற மில்லிசெக்கன்களைத் தரும்.

இங்கே இரண்டு குழிகள் உள. முதலாவது, அரைமணியை மில்லிசெக்கனாக்குவதற்கு 30 ஐ 60 ஆலும் 1000 ஆலும் பெருக்குக என எழுதும்போது நேர்வதாகும். விடை 18 இலட்சம். யூனோவில் இன்ற் என்னும் சாதாரண எண்வகையோ 32,767 க்கு மேற் கொள்ளாது. பெருக்கத்தில் நிரம்பி வழிந்து எஞ்சுவது 30,528. அதாவது, அரைமணிக்குப் பதில் அரை நிமிடமே. செய்நிரல் தவறென அறிவிக்காமலும் இருக்கலாம். கருவியும் ஒழுங்காக இயங்குவதுபோலவே தோன்றும். மோட்டார் மட்டும் ஒரு கோடையிற் கெட்டுவிடும். இதனைத் தவிர்க்க, நேரத்தைக் கொள்ளும் மாறிகள் யாவற்றையும் அன்சைன்ட் லோங் வகையினவாக அமைத்து, காத்திருப்பு நேரத்தைப் பெருக்காது 1800000 எனவே எழுதி, அதன் ஈற்றில் அவ்வகையைக் குறிக்கும் யூ, எல் என்னும் இரு ஆங்கில எழுத்துக்களையும் சேர்க்க.

இரண்டாவது, மில்லிஸ் தரும் எண் ஏறத்தாழ 49.7 நாளில் நிரம்பி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதாகும். மூன்றரை மாதப் பயிர்க்காலத்தில் இது இருமுறை நிகழும். இப்போதைய நேரத்திலிருந்து குறித்த நேரத்தைக் கழித்து, வருவதைக் காத்திருப்பு நேரத்தோடு ஒப்பிட்டால் இந்நிரம்பலாற் பிழை நேராது. குறித்த நேரத்தோடு காத்திருப்பைக் கூட்டி ஒப்பிட்டால் அந்நாளிற் கணக்குப் பிழைக்கும். ஆகவே, கழித்தே ஒப்பிடுக.

பம்பியோடு இணைத்தல்

மிதப்பை இரண்டாம் பின்னிலும், தொடக்கப் பொத்தானை மூன்றாம் பின்னிலும், றிலே பலகையை எட்டாம் பின்னிலும் இணைக்க. றிலேப் பலகைகளுட் பல, லோ கொடுக்கும்போதே இயங்குவன. அத்தகையதாயின், செற்றப் பகுதியில் எட்டாம் பின்னுக்கு முதலில் ஹை எழுதி, அதன் பின்னரே அதனை வெளியீட்டுப் பின்னாக அமைக்க. மாறிச் செய்தால் மின் வரும் ஒவ்வொரு முறையும் றிலே ஒரு கணம் துடிக்கும்.

இச்சிறு றிலே மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கவல்லதன்று. மேலே 10 அம்பியர் என அச்சிடப்பட்டிருப்பினும் அதனை நம்பி மோட்டாரை நேரே இணைக்கலாகாது. தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, நிறுத்து என்ற கட்டளைக்குப் பின்னும் பம்பி ஓடும். றிலேயானது கொன்ராக்டர் எனப்படும் பெரிய தொடுகை ஆளியை இயக்க, அதுவே மோட்டாரை இயக்குதல் வேண்டும். 230 உவோற்றுச் சார்ந்த இவ்வேலை தகுதிபெற்ற மின்வினைஞரிடம் ஒப்படைக்கற்பாலது. பழைய பிரதான ஆளியும் ட்ரிப் சுவிச்சும் இருந்தவாறே இருத்தல் வேண்டும். கிணற்றினுள் இறங்குவது ஐந்து உவோற்றுக் கம்பி மாத்திரமே என்பது இவ்வமைப்பின் ஒரு நன்மையாகும்.

வயலிலும் மழைமானியிலும்

நெல்வயலில் நீரை இடைவிட்டுப் பாய்ச்சும் முறையைக் கைக்கொள்வோர், துளையிட்ட குழாயொன்றை மண்ணிற் புதைத்து, உள்ளே நீர் மட்டம் மண்ணின் மேற்பரப்புக்கு 15 சதமமீற்றர் கீழிறங்கியதும் மீண்டும் 5 சதமமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சுவர். பூக்கும் பருவத்துக்கு ஒரு கிழமை முன்னிருந்து ஒரு கிழமை பின்வரை வயலை வற்றவிடலாகாது. இக்குழாயினுள்ளும் மிதப்பு ஆளியை வைத்து மேற்கூறிய முறையே அறிவிப்புப் பெறலாம். ஆனால் வயல்நீர் நாட்கணக்கில் இறங்குவதாகையால் உறுதிநேரம் செக்கன்களாகவன்றி ஒரு மணியாக இருத்தல் தகும். குழாயின் வாயை வலையால் மூடுக. மிதப்பின்மேல் ஏறியிருக்கும் தவளைக்கு உறுதிநேரம் ஒரு பொருட்டன்று.

சாயுங் கிண்ண மழைமானி இதற்கு நேர்மாறானது. கிண்ணம் ஒவ்வொரு முறை நிரம்பிச் சாயும்போதும் ஒரு காந்தம் ஆளியொன்றைக் கணப்பொழுது மூடித் திறக்கும். இங்கே நிலையினாற் பயனில்லை. மாற்றங்களை எண்ணுவதே மழையை அளப்பதாகும். மூடும் மாற்றத்தை மட்டும் எண்ணுக. மூடுவதையும் திறப்பதையும் எண்ணினால் மழை இருமடங்காகத் தோன்றும். ஒரு சாய்வு எத்தனை மில்லிமீற்றர் என்பது செய்தவர் தரும் அளவு. பலவற்றில் அது 0.2 மில்லிமீற்றர். உறுதிநேரம் இருபது மில்லிசெக்கன் அளவிற் போதும். ஐந்து செக்கன் வைத்தால் ஒரு துளி மழையும் கணக்கில் ஏறாது.

சோதித்தல்

கருவியைப் பம்பியோடு இணைக்குமுன் வீட்டில் ஒரு வாளி நீரைக்கொண்டு சோதிக்க. றிலேக்குப் பதிலாகப் பலகையிலேயே பதின்மூன்றாம் பின்னோடு இணைந்துள்ள சிறு விளக்கை வெளியீடாக அமைக்க. மிதப்பைக் கையால் அலையவிடுக, விளக்கு துடிக்கலாகாது. பொத்தானை அழுத்தியபடியே மின்னை நிறுத்தி மீண்டும் கொடுக்க, விளக்கு எரியலாகாது. விளக்கு எரியும்போது மிதப்பின் கம்பி ஒன்றைக் கழற்றுக; ஐந்து செக்கனில் அணைதல் வேண்டும். பின்னர் அரைமணிக் காத்திருப்பையும் மணிக்கூட்டைப் பார்த்து முழுமையாகச் சோதிக்க. சலிப்புத் தரும் வேலையாயினும், அரை நிமிடப் பிழையை வெளிப்படுத்துவது இச்சோதனை ஒன்றே.

பலகையை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, இடுப்பளவு உயரத்துக்கு மேலே பூட்டுக. கம்பி நுழையுந் துளைகளை மெழுகு அல்லது இறப்பர்ப் பசையால் அடைக்க. எறும்பும் பல்லியும் தொடுமுனைகளிடையே புகுந்தால் எச்செய்நிரலும் உதவாது. பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் மிகுதியாதலால், முழக்கம் கேட்கும் மாலைகளில் கிணற்றுக் கம்பியைப் பலகையிலிருந்து கழற்றிவிடுக.